மடிக்கு மேல் மடி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு எரிச்சலில் கிடைத்தது.

சதுரங்கப்பட்டினத்தில் சைக்கிள் வாடகைக் கடை வைத்திருக்கிறவன் நான். பெயர் பஷீருதீன். கடைக்கு ஆள் வராத நேரத்தில் கதை எழுதுவேன். பெரும்பாலும் ஆள் வருவதில்லை என்பதால் கதைகள் நிறையச் சேர்ந்துவிட்டன. பத்திரிகைகளுக்கு அனுப்புவேன், போன வேகத்தில் திரும்பி வரும். வேடந்தாங்கல் பறவைகள்கூட இவ்வளவு ஒழுங்காகத் திரும்பி வருவதில்லை என்பாள் என் மனைவி சைதூன்.

போன தை மாதம் ஒரு காலையில், உடைந்த சைக்கிள் பம்புகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு கால்வாய்க் கரைக்குப் போனேன். சவுக்கு விறகு ஏற்றிய படகுகள் அங்கிருந்துதான் பட்டணம் போகும். மூட்டையைப் படகுக்காரரிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவரோ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படகின் பின்பக்கம் ஒருவன் முழங்கால் தண்ணீரில் நின்று, இரண்டு பெரிய மரக்கட்டைகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். விறகுக் குவியலின்மேல் அவன் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பானைகளும் ஒரு சுருட்டிய கோரைப் பாயும் இருந்தன.

"சீக்கிரம் ஆவட்டும்பா! கடையைத் தொறந்து போட்டுட்டு வந்துகீறேன்," என்று கத்தினேன்.

"இருங்க பாய். அரை கட்டுமரம் போவுது," என்றார் படகுக்காரர்.

கட்டுமரம் என்றால் நாலு கட்டைகளைச் சேர்த்துக் கட்டுவது. கடலுக்குப் போய்த் திரும்பியதும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். அடுத்த நாள் போகும்போது மறுபடி கட்டுவார்கள். நாலில் இரண்டு பட்டணத்துக்குப் போய்விட்டால் இங்கே மிச்சமிருக்கிற இரண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு எழுத்தாளன் அந்த இடத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. நான் கேட்டது, என் பம்பு மூட்டைக்கு இடம் இருக்கிறதா என்று.

கரையில் ஒரு பெண் நின்றிருந்தாள். அம்சா. அவளை எனக்குத் தெரியும். பேச்சுக்குப் பேர்போன அந்தப் பெண் அன்று வாயே திறக்கவில்லை. பாதி தூரம் திரும்பி வந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

2

வீட்டுக்கு வந்ததும் காகிதத்தை எடுத்தேன். முதல் தொடக்கம் இப்படி:

ஓ சமுத்திரமே! உன் கோரப் பசிக்கு இன்னும் எத்தனை குடும்பங்கள்! இடி இடித்தது. மின்னல் வெட்டியது. அலைகள் பனைமர உயரத்துக்கு எழும்பி

"அன்னிக்கு ஏது புயலு?" என்றாள் சைதூன். நான் எழுதுவதை எழுத எழுத உரக்கப் படிப்பேன், அது என் வியாதி. "அன்னிக்கு வெயில் கொளுத்துச்சு. உங்க கைலியைத் தொவைச்சுப் போட்டேன், நாஸ்தா முடியறதுக்குள்ள காய்ஞ்சுடுச்சு."

"கதைக்குப் புயல் வேணும்."

"அவங்க ஊரை வுட்டுப் போனதுக்கு புயலா காரணம்? கடல் சும்மாதானே கீது?"

கடல் சும்மா இருந்தது என்பதுதான் இந்தக் கதையின் கஷ்டமே. புயல் என்றால் நாலு பக்கம் எழுதிவிடுவேன். அலை இருக்கிறது, காற்று இருக்கிறது, மீன் மட்டும் இல்லை என்றால் அதை எப்படி வர்ணிப்பது? இல்லாததை வர்ணிக்க எனக்குக் கை வராது.

இரண்டாவது தொடக்கம்: நமது மாநிலத்தின் நீண்ட கடற்கரையில் மீன்வளம் என்பது நாட்டின் பொருளாதாரத்துக்கு

இதைப் படித்தபோது சைதூன் கொட்டாவி விட்டாள். அடித்துவிட்டேன்.

மூன்றாவது தொடக்கம் ஒரே வரி. அம்சாவுக்கு வாய் நீளம். இதற்கு யாரும் கொட்டாவி விடவில்லை. ஆகவே கதை இங்கே தொடங்குகிறது. இதுவரை நீங்கள் படித்ததெல்லாம் வீண்.*

* அப்படியொன்றும் வீணில்லை. மூன்று பக்கம் எழுதியவனுக்கு அதைக் கிழித்துப்போட மனசு வராது.

3

அம்சாவுக்கு வாய் நீளம். எங்கள் ஊருக்கு வடக்கே, மாமல்லபுரம் போகிற வழியில் இருக்கிற குப்பத்துக்காரி. தினமும் மீன்கூடையைச் சுமந்துகொண்டு திருக்கழுக்குன்றம் சந்தைக்கு நடப்பாள். வழியில் என் கடை வாசலில் கூடையை இறக்கித் தண்ணீர் குடிப்பாள். மறுபடி தலைக்கு ஏற்ற நான் ஒரு கை கொடுக்க வேண்டும். அந்த ஒரு நிமிஷத்துக்குள் ஊர்க்கதை முழுக்கச் சொல்லி முடித்திருப்பாள்.

அவள் புருஷன் தேசப்பன். தேசப்பனின் தம்பி எட்டியப்பன். தகப்பன் விட்டுப்போன ஒரு கட்டுமரம் இருவருக்கும் பொது, அண்ணனுக்கு இரண்டு கட்டை, தம்பிக்கு இரண்டு கட்டை. அது தவிர ஊருக்கே பொதுவாக ஒரு பெரிய வலை உண்டு. கடலுக்குள் அரைவட்டமாகப் போட்டுவிட்டு, கரையில் நின்று இரண்டு பக்கமும் ஊரே கூடி இழுப்பது. மீன் வந்து சேர்கிற அடிப்பை இருக்கிறதே, அதற்குப் பேர் மடி.

அந்த மடிக்கு ஒரு சட்டம் இருந்தது. வலையின் ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு விரல் நுழைய வேண்டும். பருவம் தொடங்குகிற நாளில் வலையை மணலில் விரித்து, கற்பூரம் கொளுத்தி, ஊர்த் தலைவரான நாட்டார் தன் இரண்டு விரலை மடியில் அங்கங்கே விட்டுப் பார்ப்பார். தடையில்லாமல் போனால் வலை கடலுக்குப் போகலாம். குஞ்சுகள் தப்பிப் போய் அடுத்த வருஷம் பெரிசாக வரவேண்டும் என்பதற்காக எப்போதோ யாரோ போட்டு வைத்த ஏற்பாடு. அதை மீறினவர்கள் இல்லை.

ஐம்பத்தைந்தாம் வருஷம் மீன் கொஞ்சம் மட்டம். ரொம்ப மோசம் என்றில்லை, மட்டம். ஆண்கள் மணலில் உட்கார்ந்து வலையைச் செப்பனிட்டுக்கொண்டே புலம்பினார்கள். கண்ணைச் சின்னதாகப் பின்னினால் என்ன என்று ஒருவன் கேட்டான். நாட்டார் தோலை உரித்துவிடுவார் என்றான் இன்னொருவன். தேசப்பனுக்குக் கஞ்சி கொண்டுவந்த அம்சா இதைக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சும்மா போகிற வாயா அது?

"கண்ணைச் சின்னதாக்குனாதானே நாட்டாரு கேப்பாரு? பழைய வலை ஒண்ணு கீதில்ல, அதோட மடியைக் கழட்டி இந்த மடிக்கு மேல மாட்டு. இதுலயும் ரெண்டு வெரலு போவும், அதுலயும் ரெண்டு வெரலு போவும். ஒண்ணோட கண்ணுல இன்னொண்ணோட நூலு வந்து குந்திக்கும். அப்பால எது வெளிய போவும்? தண்ணிதான் போவும்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வேடிக்கைக்காகத்தான் சொன்னாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. (சந்தேகம் உண்டு. கொஞ்சம் பெருமையும் பட்டிருப்பாள். சொன்ன கையோடு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றதாக அவளே என்னிடம் சொன்னாள்.)

அடுத்த பருவம் தொடங்கியபோது எட்டியப்பன் அதை நிஜமாகவே செய்தான். நாட்டார் வந்தார். முதல் மடியில் இரண்டு விரலை விட்டார், போயிற்று. பக்கத்தில் தனியாக விரித்திருந்த இரண்டாவது மடியிலும் விட்டார், போயிற்று. ஒரே வலைக்கு எதற்கு இரண்டு மடி என்று அவர் கேட்கவில்லை. வானத்தைப் பார்த்து, "சரிதாம்பா," என்றார்.

4

அன்று இழுத்த வலையில் வந்ததைப் பார்த்து ஊரே வாயடைத்துப்போனது. மணல் முழுக்க வெள்ளை வெளேரென்று குஞ்சுகள். விரல் நீள வஞ்சிரம், நகத்தளவு வாவல், இன்னும் பேரே வைக்கத் தோன்றாத பொடிகள். இதை யார் தின்பது, யார் வாங்குவது?

இந்த இடத்தில் ஒரு பேராசைக்கார வியாபாரி வருகிறான். கண்கள் கழுகைப் போல்

[சைதூன் இங்கே குறுக்கிட்டாள். "இது எங்கண்ணன்தானே?" என்றாள். இல்லை என்றேன். "சவுக்குத் தோப்பு வெச்சிகினு, கருவாட்டுப் பொடியை எருவா வாங்கினவரு இந்தப் பக்கத்துல வேற யாரு? எங்கண்ணன் கண்ணு கழுகு கண்ணா?" அன்று எனக்குச் சாப்பாடு தாமதமாகத்தான் வந்தது. திருத்தி எழுதுகிறேன்.]

என் மைத்துனர் ஜெயினுலாபுதீன் நல்ல மனிதர். கண்களும் சாதாரணக் கண்கள். அவருக்குச் சவுக்குத் தோப்புகள் உண்டு. காய்ந்த பொடிமீனை வேரில் போட்டால் சவுக்கு மளமளவென்று வளரும். கொண்டுவந்தார்கள், நியாயமான விலை கொடுத்து வாங்கினார். கொண்டுவராதீர்கள் என்று சொல்ல அவருக்கு என்ன வேலை? நானாக இருந்தாலும் வாங்கியிருப்பேன். இப்போது சாப்பாடு சரியான நேரத்துக்கு வருகிறது.

அந்த ஒரு வருஷம் குப்பத்தில் கொண்டாட்டம். கன்னியம்மன் திருவிழாவில் எட்டியப்பன் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். "யாருக்குடா வரும் இந்த மூளை?" என்று நாட்டாரே அவன் முதுகில் தட்டினார். எட்டியப்பன் மறுக்கவில்லை. யோசனை தன்னுடையதுதான் என்று முதலில் சிரித்து ஒப்புக்கொண்டான், பிறகு தானே சொல்லத் தொடங்கினான், வருஷக் கடைசியில் அதை உண்மையாகவே நம்பிவிட்டான்.

அம்சாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் சொன்னது பாய்! அந்தக் கம்னாட்டி தலையில துணியைக் கட்டிகினு திரியறான்," என்று என் கடை வாசலில் நின்று பொருமினாள். அந்த நாளில் கூடை அவ்வளவு கனம், தூக்கிவிட்டு எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

பொருமலோடு நிற்கவில்லை. திருக்கழுக்குன்றம் சந்தையில் மற்றக் குப்பத்துப் பெண்களிடமெல்லாம் மடிக்கு மேல் மடி போடுகிற வித்தையை விளக்கினாள். கொழுந்தனிடம் போன பேரை அங்கேயாவது வாங்கிவிட வேண்டும் என்கிற ரோஷம். அடுத்த பருவத்துக்குள் கோவளம் வரைக்கும் எல்லா வலையிலும் இரட்டை மடி.

5

இங்கே ஒரு கட்டுரை இருந்தது. குஞ்சு, தாய்மீன், கடலின் ஒழுங்கு என்று நான் நன்றாகவே எழுதியிருந்தேன். அதில் உருப்படியான வரி ஒன்றுதான் என்று சைதூன் சொன்னதால் அதை மட்டும் விட்டுவைக்கிறேன்: அடுத்த வருஷம் வரவேண்டிய மீன் ஏற்கெனவே சவுக்கு வேரில் கிடந்தது.

ஒரு இரட்டை மடியால் கடல் வற்றிவிடுமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். நீரோட்டம் மாறிவிட்டது என்கிறவர்கள் உண்டு. அம்மன் கோபம் என்கிறவர்களும் உண்டு. எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே அளவு அம்சாவின் கூடைதான். முதலில் இரண்டு கையால் தூக்கிவிட்டேன், பிறகு ஒரு கை போதுமாக இருந்தது, பிறகு அவளே தூக்கிக்கொண்டாள். கொஞ்ச நாளில் கடை வாசலில் கூடையை இறக்குவதையே நிறுத்திவிட்டாள். பாரம் இல்லாதவளுக்கு எதற்கு இளைப்பாறல்?

ஒவ்வொரு குடும்பமாகக் குப்பத்தை விட்டுப் போனது. சிலர் கேளம்பாக்கத்து உப்பளத்துக்கு, சிலர் பட்டணத்துத் துறைமுகத்தில் மூட்டை தூக்க. கதவில் ஒரு ஓலைத்தட்டியைச் சாத்திக் கட்டிவிட்டு, "மீனு வந்தா சொல்லியனுப்பு," என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவார்கள். பிறகு பக்கத்து வீட்டிலும் தட்டி சாத்தியிருக்கும்.

6

இந்தப் பகுதியை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. நடுவில் எழுந்துபோய் இரண்டு பஞ்சர் ஒட்டிவிட்டு வந்தேன்.

ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. இருக்கிற கொஞ்சம் ஆண்கள் மணலில் வட்டமாக உட்கார்ந்தார்கள். பெண்கள் தள்ளி நின்றார்கள். அந்தப் பஞ்சாயத்தில் பெண்கள் கேட்கலாம், பேசக்கூடாது. இரட்டை மடியைக் கழற்றிக் கொளுத்துவது என்று முடிவானது. அதோடு எழுந்திருக்கலாம். ஆனால் இவ்வளவு பேர் நாசமான பிறகு யாரையாவது திட்டாமல் எழுந்திருக்க மனசு வருமா?

"இந்தக் குறுக்குப் புத்தி யாருக்குடா வந்துச்சு?" என்று நாட்டார் கேட்டார். இரண்டு மடியிலும் விரல் விட்ட அதே நாட்டார்.

எல்லோரும் எட்டியப்பனைப் பார்த்தார்கள். எட்டியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு வருஷம் முழுக்க என் மூளை, என் மூளை என்று சொல்லித் திரிந்தவன் இப்போது இல்லை என்றால் யார் நம்புவார்கள்? அவனுக்கே அது யார் சொன்னது என்று நினைவிருந்ததோ இல்லையோ.

கொழுந்தன்மேல் அம்சாவுக்கு இருந்த கோபமெல்லாம் ஒரு நொடியில் வடிந்துபோயிற்று. மெதுவாக முன்னால் நகர்ந்து, வட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த தேசப்பனின் தோளைக் கிள்ளினாள்.

"யோவ், நான் சொன்னதுதான்னு சொல்லுய்யா."

"வாயை மூடு," என்றான் தேசப்பன், திரும்பாமலே. "நீதான்னு சொன்னா நாம ரெண்டு பேருமில்ல போவணும்? நாம எங்க போறது?"

அம்சா வாயை மூடிக்கொண்டாள்.

எட்டியப்பனோடு யாரும் ஒரே கயிற்றைப் பிடித்து இழுக்கக்கூடாது, அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக்கூடாது என்று தீர்ப்பானது. அவன் வாதாடவில்லை. கட்டுமரத்தில் தன் பங்கு இரண்டு கட்டைகளைப் பிரித்தெடுத்தான். அவற்றைத்தான் கால்வாயில் நான் பார்த்தேன். மிச்சம் இரண்டு மணலில் கிடக்கின்றன. இரண்டு கட்டையில் யாரும் கடலுக்குப் போக முடியாது. தேசப்பன் இப்போது என் மைத்துனரின் தோப்பில் சவுக்குக்குத் தண்ணீர் ஊற்றுகிறான். மரங்கள் அருமையாக வளர்ந்திருக்கின்றன.

7

முடிவுகள். மூன்று எழுதினேன்.

(அ) படகு நகர்கிறது. அம்சா கரையோடு ஓடுகிறாள். "நான்தான் சொன்னேன், நான்தான்!" என்று கதறுகிறாள். எட்டியப்பன் குதித்து வந்து அண்ணியின் காலில் விழுகிறான். நாட்டார் எங்கிருந்தோ வந்து கண்ணீர் வடிக்கிறார். இதை நான் உணர்ச்சியோடு படித்துக் காட்டியபோது சைதூன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன்.

(ஆ) அம்சா கால்வாயில் குதித்துவிடுகிறாள். இதை அடிக்க வேண்டியதாயிற்று. அந்த இடத்தில் தண்ணீர் முழங்கால்தான்.

(இ) கடலே நிறைந்து வழிகிற மாதிரி மீன் கூட்டம் வந்து, போனவர்களெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு

இல்லை. இதை எழுதும்போது எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது.

8

போன வாரம் அம்சா கடைக்கு வந்தாள். கூடை இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து, பஞ்சாயத்தில் நடந்ததை அப்போதுதான் என்னிடம் சொன்னாள். அதற்கு முன் நான் எழுதி வைத்திருந்ததில் தோளைக் கிள்ளுகிற இடம் இல்லை.

"நீங்க எழுதறது அச்சுல வருமாமே பாய்?"

"வரும்," என்றேன். இதுவரை ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கிறது, அதுவும் என் பேரில்லாமல். அதை அவளிடம் சொல்லவில்லை.

"அப்ப இதை எழுது. எம்பேரும் போடு, எட்டியப்பன் பேரும் போடு. மாத்தாதே."

"இன்னா அம்சா இது? குப்பத்துல யாராவது படிச்சுச் சொல்லிட்டா? உன்னையும் தேசப்பனையும் சும்மா வுடுவாங்களா?"

"வுடமாட்டாங்க. தெரியும்."

"அவன் இங்க வந்துதான் இன்னா பண்ணப் போறான்? கடல்ல இன்னா கீது?"

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அது இரண்டாவது தடவை.

"மீனு இல்லன்னு போனவன், மீனு வந்தா திரும்பி வருவான் பாய். திட்டு வாங்கிகினு போனவன் எதைப் பாத்துத் திரும்பி வருவான்?"

"நீயே பட்டணம் போய் அவன்கிட்ட சொல்லிடேன்."

"போனேன் பாய். ராயபுரத்துல கீறான். மூஞ்சிக்கு நேரா வாய் வரல. நண்டுக் கொழம்பு வெச்சுக் குடுத்துட்டு வந்துட்டேன்."

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த சைதூன் வெளியே வந்தாள். என்னைப் பார்த்து, "எங்கண்ணன் பேரும் இருக்கட்டும்னு வுட்டுடுங்க," என்றாள். அதற்குமேல் எனக்குச் சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அன்றே உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டேன், முடிவைத் தவிர.

முடிவு என்னிடம் இல்லை, வாசகரே. அது ராயபுரத்தில் இருக்கிறது. எட்டியப்பனுக்குப் படிக்கத் தெரியாது. இந்தப் பத்திரிகையை அவன் கையில் கொடுத்தால் கருவாடு மடிப்பான். யாராவது உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும். அந்தப் பக்கம் போகிறவர் நீங்களாக இருந்தால், கட்டுமரக்காரர்கள் குடியிருக்கிற வரிசையில் சதுரங்கப்பட்டினத்துப் பக்கத்து எட்டியப்பன் என்று கேளுங்கள். காட்டுவார்கள்.

முழுவதும் படிக்க வேண்டாம். என் புயல், கட்டுரை, பம்பு மூட்டை எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். மணலில் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பேசுகிற இடத்தையும், தேசப்பன் தோளைக் கிள்ளுகிற இடத்தையும் மட்டும் நிதானமாகப் படியுங்கள். அவன் கோபப்பட்டால் கோபப்படட்டும், நீங்கள் எழுந்து வந்துவிடாதீர்கள். இதை எழுதச் சொன்னது அண்ணிதான் என்று சொல்லுங்கள்.

அதற்கு அவன் என்ன பதில் சொன்னாலும் எனக்கு எழுதிப் போட வேண்டாம். நேராக அம்சாவிடம் போய்ச் சொல்லுங்கள். குப்பத்துக்கு வழி என் கடையில் கேட்டால் சொல்வேன், சைக்கிளும் தருகிறேன், வாடகை வேண்டாம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போகிறபோது அவள் அங்கே இருந்தால்தான் இதெல்லாம். இது அச்சில் வந்த பிறகு அவளை அங்கே இருக்க விடுவார்களா என்று எனக்குத் தெரியாது.